மேலகரத்துக் குறத்தியை மேனாட்டில் ஆராயலாகாதா? தேசிய வெளிநாட்டு உதவித்தொகையின் தலைப்பு விலக்கு குறித்து

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2022-23ஆம் ஆண்டுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. முந்தைய ஆண்டு நெறிமுறைகளில் இல்லாத ஒரு வரி அதில் நுழைந்திருந்தது. இந்தியப் பண்பாடு, மரபுரிமை, வரலாறு, இந்தியா பற்றிய சமூகவியல் ஆய்வு ஆகியவற்றைச் சார்ந்த தலைப்புகளுக்கும் படிப்புகளுக்கும் இத்திட்டத்தில் இடமில்லை என்பது அவ்வரியின் சாரம். பேராசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் உடனே எதிர்ப்புத் தெரிவித்தனர். சில வாரங்கள் நாளேடுகளில் விவாதம் நடந்தது. பிறகு ஓய்ந்தது. வரி மட்டும் நின்றது.

அவ்வரியின் பொருள் என்ன, அது யாரைத் தொடுகிறது, சட்டத்தின்முன் அது நிற்குமா என்பனவற்றை ஆய்வுக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் செயற்பாட்டாளர்களும் அறிந்திருத்தல் நலம். தென்காசி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் பார்க்கலாம். பண்பாடு, அடையாளம், சமூகம் என்னும் மூன்று சொற்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஆய்வுப் பொருள்கள் இவ்வட்டாரத்தில் நிறைய உண்டு.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1954-55 முதல் நடைமுறையிலிருக்கும் இத்திட்டம் பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொள்ள உதவுவது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பிரிவினருக்கு, 4 வேளாண் தொழிலாளர் மற்றும் கைவினைஞர் பிரிவினருக்கு. மகளிருக்கு 30 விழுக்காடு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 35க்குள் இருக்க வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 20 கோடியைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கு ஆண்டுக்கு 115 இடங்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சிறு வாயிலின் குறுக்கேதான் மேலும் ஒரு கம்பி நடப்பட்டுள்ளது.

விலக்குக்கு அமைச்சகத்தின் தரப்பிலிருந்து செய்தியாளர்களுக்குத் தரப்பட்ட விளக்கம் எளிமையானது. இந்தியாவைப் பற்றி ஆராய இந்தியாவிலேயே நூலகங்களும் வல்லுநர்களும் போதிய அளவில் உள்ளனர். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தை இங்கே கிடைக்காத படிப்புகளுக்குச் செலவிடுவதே முறை. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். இவ்விளக்கத்தை மேலகரத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

குறவஞ்சி மேடும் குற்றப் பதிவேடும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரம் தமிழ் இலக்கிய மாணவர் அனைவருக்கும் அறிமுகமான பெயர். குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார் என்பதும் அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர்பெற்றது என்பதும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வரலாறு. நூலில் சிங்கி என்னும் குறத்தி வசந்தவல்லிக்குக் குறி சொல்கிறாள். தன் மலையின் வளத்தை வியந்து பாடுகிறாள். பறவை பிடிக்கும் சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். குறவர் வாழ்வைப் பாடிய நூலுக்குக் கிடைத்த நிலம் கவிராயருக்குரியதாயிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அக்கால வழக்கம் அதுவே. ஆயினும், பாடப்பட்டவர் யார், பாடியவர் யார், பரிசில் யாருக்கு என்று கேட்பதில்தான் பண்பாட்டு ஆய்வு தொடங்குகிறது.

அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நாம் வேறோர் ஆவணக் குவியலை அடைகிறோம். 1871இல் வடஇந்தியப் பகுதிகளுக்கு இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். இலக்கியத்தில் குறிசொல்லும் குறத்தியாகப் போற்றப்பட்ட சமூகம் காவல் நிலையப் பதிவேட்டில் பிறவிக் குற்றவாளியாக எழுதப்பட்டது. உப்பும் தானியமும் ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்ற வணிகம், இருப்புப்பாதையும் உப்புக் கொள்கையும் வந்தபின் எவ்வாறு சிதைந்தது, அச்சிதைவு எவ்வாறு குற்றமாகப் பெயர் மாற்றப்பட்டது என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சென்னை மாகாணத்தில் சால்வேசன் ஆர்மி என்னும் கிறித்துவ அமைப்பு நடத்திய குடியிருப்புகளில் இம்மக்கள் அடைத்துவைக்கப்பட்ட வரலாறும் அதில் உண்டு. அவ்வமைப்பின் ஆவணக் காப்பகம் இருப்பது இலண்டனில்.

கதை அங்கும் முடியவில்லை. திருவிழா மேடைகளில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் நடைபெற்ற ஆபாச ஆட்டங்கள் தம் சமூகத்தை இழிவுபடுத்துகின்றன என்று குறவர் அமைப்புகள் பல்லாண்டுகளாகப் போராடின. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்கு எதிராக உத்தரவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்தின் பெயரைக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கி அரசாணை வெளியிட்டது. இதே காலத்தில்தான் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ‘குறவர்’ என்ற பெயர் யாருக்குரியது என்ற கேள்வியை முன்வைத்துக் குறவர் அமைப்புகள் மறுப்புத் தெரிவித்தன. தமிழ்நாட்டில் குறவன், சித்தனார் என்பது பட்டியல் சாதிகளுள் ஒன்று. குறவர்களின் வேறு பல பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில் உள்ளன. ஒரே பெயர் இலக்கியத்தில் ஒன்றாகவும், காவல் பதிவேட்டில் ஒன்றாகவும், இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் பலவாகவும், திருவிழா மேடையில் வசையாகவும் வழங்கியிருக்கிறது.

மேலகரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு குறவர் வீட்டுப் பெண் இந்த முந்நூறாண்டுப் பயணத்தை முனைவர் பட்டத்துக்கு ஆராய விழைகிறாள் என்று கொள்வோம். அவளுக்கு இலண்டன் பல்கலைக்கழகமொன்றில் இடமும் கிடைத்துவிட்டது. அவள் பட்டியல் சாதி என்றால் 115 இடங்களிலும், சீர்மரபினர் என்றால் 6 இடங்களிலும் போட்டியிடத் தகுதியுடையவள். ஆனால் தலைப்பு இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு, இந்தியச் சமூகம் ஆகிய மூன்று விலக்குகளிலும் ஒருங்கே சிக்கும். இதே பெண் இயந்திரப் பொறியியலோ கணக்கியலோ படிக்கச் செல்வாளாயின் தடையில்லை. அவளது சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்குத் தகுதியைத் தருகிறது. அச்சாதியின் வரலாற்றைக் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை.

மீனாட்சிபுரம்: இரு கதவுகளும் அடைபட்ட ஊர்

இவ்வட்டாரத்திலேயே உலகின் கவனத்தைப் பெற்ற இன்னோர் ஊர் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று தென்காசியை அடுத்த அவ்வூரின் பள்ளர் குடும்பங்கள் பெருந்திரளாக இசுலாத்தைத் தழுவின. சுமார் 180 குடும்பங்கள் என்பது பரவலாகக் குறிக்கப்படும் கணக்கு. ஊர் ரகுமத் நகர் என்றும் அழைக்கப்படலாயிற்று. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. அரசியல் தலைவர்கள் படையெடுத்தனர். அரபுநாட்டுப் பணம் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பரப்பப்பட்டது. அம்மக்கள் கூறிய காரணங்கள், அதாவது தீண்டாமை, ஆதிக்கச் சாதியினரின் வன்முறை, காவல்துறையின் கொடுமை ஆகியவை, அந்த இரைச்சலில் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தவை ஆய்வுகளே. பெங்களூரைச் சேர்ந்த சமூகவியலாளரும் பின்னாளில் கர்நாடக அமைச்சரானவருமான மும்தாஜ் அலி கான் 1983இல் மீனாட்சிபுர மதமாற்றம் பற்றிய சமூகவியல் நூலை வெளியிட்டார். 1989இல் அப்துல் மாலிக் முஜாகித் எழுதிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. இசுலாத்தைத் தழுவியதைத் தீண்டப்படாதோரின் எதிர்ப்பு உத்தியாக அது தன் தலைப்பிலேயே வரையறுத்தது. இருவரும் அவ்வூரார் அல்லர். வெளியார் எழுதக் கூடாது என்பதன்று என் வாதம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரின் மூன்றாம் தலைமுறை அதனை எழுத முற்பட்டால் என்ன நிகழும் என்பதே கேள்வி.

மதம் மாறிய குடும்பத்தின் பேரனுக்கு இவ்வுதவித்தொகை தொடக்கத்திலேயே இல்லை. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி இந்து மதத்தினரையும், 1956 திருத்தத்துக்குப்பின் சீக்கியரையும், 1990 திருத்தத்துக்குப்பின் பௌத்தரையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. இசுலாமியரான தலித்துக்கு ஒன்றிய அரசின் பார்வையில் சாதி இல்லை. மதம் மாறாத குடும்பத்தின் பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் உண்டு; 2021 சட்டத் திருத்தத்துக்குப்பின் அதில் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரும் உண்டு. ஆனால் அவள் தன் பாட்டி ஏன் மாறவில்லை, சித்தப்பா ஏன் மாறினார் என்பதை ஆய்வுத் தலைப்பாக்கினால், அது இந்தியா பற்றிய சமூகவியல் ஆய்வாகிவிடும். ஒருவர் மதத்தால் விலக்கப்படுகிறார். மற்றவர் தலைப்பால் விலக்கப்படுகிறார். மீனாட்சிபுரத்தைப் பற்றி மீனாட்சிபுரத்தார் எவரும் இந்த நிதியில் வெளிநாட்டில் ஆராய இயலாது. இரண்டு விதிகளையும் தனித்தனியே படிக்கையில் இது புலப்படாது. ஓர் ஊரின்மீது இரண்டையும் ஒருசேரப் பொருத்தும்போதுதான் புலப்படும்.

மதம் மாறிய தலித்துகளின் பட்டியல் தகுதி குறித்து ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தகைய ஆணையத்தின்முன் வைக்க வேண்டிய சான்றுகள் எவை? மதம் மாறியபின் சாதி ஒடுக்குமுறை தொடர்ந்ததா, குறைந்ததா, வடிவம் மாறியதா என்று ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஆய்வுகளே. ஒருபுறம் அரசு சான்று கேட்கிறது. மறுபுறம் அச்சான்றை உருவாக்கும் ஆய்வுக்கு நிதியை மறுக்கிறது.

ஆவணங்கள் எங்கே உள்ளன?

‘இந்தியாவிலேயே எல்லாம் உள்ளது’ என்ற வாதத்துக்கு வருவோம். நெல்லைச் சீமையின் 19ஆம் நூற்றாண்டு தலித் வாழ்வைப் பற்றி மிகுதியாக எழுதிவைத்தவர்கள் மறைப்பணியாளர்கள். இங்கே பணியாற்றிய சர்ச் மிஷன் சங்கத்தின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. கால்டுவெல் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில் உள்ளன. தென்திருவிதாங்கூரில் இயங்கிய இலண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் இலண்டன் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனி மற்றும் இந்தியா அலுவலகப் பதிவேடுகள் பிரித்தானிய நூலகத்தில். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதியாதலால் அவ்வட்டத்தின் பழைய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். அது பேருந்துப் பயணம், போகலாம். பர்மிங்காமுக்குப் பேருந்து இல்லை.

வல்லுநர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். திருநெல்வேலிச் சீமையின் வேளாண் சமூக வரலாற்றுக்கு இன்றும் முதலில் எடுக்கப்படும் நூல் டேவிட் லட்டன் 1985இல் எழுதியது. நாடார்களைப் பற்றிய ராபர்ட் ஹார்ட்கிரேவின் நூல் 1969இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. திருநெல்வேலி மாவட்டச் சிற்றூர் ஒன்றின் சாமிகளையும் சாதிகளையும் பற்றி டயான் மைன்ஸ் எழுதியது 2005இல். தமிழகத்துப் பறையர் அடிமைத்தனத்தையும் அதனை ‘மதச் சிக்கலாக’ மாற்றிய காலனிய அரசியலையும் ஆராய்ந்த ரூபா விசுவநாத்தின் நூலைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014இல் வெளியிட்டது. விடுதலைச் சிறுத்தைகள் இயக்கத்தின் எழுச்சியைப் பற்றிய ஹூகோ காரிஞ்சின் ஆய்வு எடின்பரோவிலிருந்து வந்தது. இவை மதிக்கத்தக்க நூல்கள். நாம் பலவற்றை மேற்கோள் காட்டுகிறோம். அமெரிக்க மாணவர் தம் நாட்டு நிதியில் நம் ஊருக்கு வந்து நம்மை ஆராய்ந்து திரும்பலாம். நம் மாணவர் நம் நாட்டு நிதியில் அங்கே சென்று அதே துறையில், அதே ஆசிரியரிடம், அதே ஊரைப் பற்றி ஆராயலாகாது. அறிவுலகில் தலித் என்பவர் தகவல் தருபவராக மட்டுமே இருக்கலாம் என்ற பழைய ஏற்பாடு இவ்விலக்கால் நீடிக்கிறது.

உள்நாட்டு நிறுவனங்களைக் குறைத்து மதிப்பிடுவதாக இதைக் கொள்ளலாகாது. நெல்லை மண் கலைப்புல ஆய்வில் எவருக்கும் இளைத்ததன்று. நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் பல்கலைக்கழக நிதியின்றி நடத்தினார். அவ்வழியில் வந்த ஆ. சிவசுப்பிரமணியனும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த தொ. பரமசிவனும் அடித்தள மக்கள் வரலாற்றைத் தமிழிலேயே எழுதிக் காட்டினர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் செய்த ஒரு பணியைத் தனித்துச் சொல்ல வேண்டும். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசரின் எழுத்துகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் சிதறிக் கிடந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவற்றின் முதலிரு தொகுதிகளை அம்மையம் 1999இல் வெளியிட்டது. அதன்பின் தமிழ்ச் சிந்தனை வரலாறு பழையபடி எழுதப்பட இயலாததாயிற்று. பௌத்தம், திராவிடம், சாதியின் தோற்றம் பற்றிய விவாதங்கள் யாவும் அத்தொகுதிகளைக் கணக்கில்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தன. ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரி செய்த பணி இது. ஆனால் அயோத்திதாசரை உலகின் பிற விடுதலைச் சிந்தனையாளர்களோடு ஒப்பிட்டு ஆராய விரும்பும் மாணவருக்குப் பாளையங்கோட்டையும் வேண்டும், நியூயார்க்கும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நேர்மையன்று.

அம்பேத்கரை இவ்விவாதத்தில் அனைவரும் நினைவுகூர்ந்தனர், அது இயல்பே. 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையாக மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்றுக் கொலம்பியா சென்றார். 1915இல் முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதியது பண்டைய இந்திய வணிகம் பற்றி. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்தது இந்தியாவில் சாதிகளின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி பற்றிய கட்டுரை. 2022 விதியைப் பரோடா மன்னர் அன்று வைத்திருந்தால் இரண்டும் எழுதப்பட்டிரா. இங்கே எதிர்த்தரப்பு எடுத்துவைக்கக் கூடிய ஒரு செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். 1942இல் வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த கோரிக்கை மனுவில் அம்பேத்கர் தீண்டப்படாதோர் மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் குறிப்பிட்டே நிதி கேட்டார். உயர் தொழில்நுட்பக் கல்வி தலித்துகளுக்கு முற்றிலும் எட்டாதிருந்த காலத்தில் முன்வைக்கப்பட்ட கோரிக்கை அது. மறுக்கப்பட்ட ஒரு கதவைத் திறக்கக் கேட்பது வேறு. திறந்திருந்த கதவை மூடுவது வேறு. இத்திட்டத்தின் பழைய நெறிமுறைகளில் கலைப்புலம், சமூக அறிவியல், நுண்கலை ஆகியவை ஏற்கப்பட்ட புலங்களாகவே இருந்தன.

சட்டத்தின்முன்

சட்ட வாதத்தில் மிகைப்படுத்தல் உதவாது. கருத்துரிமையை, அதாவது கூறு 19(1)(அ)வை, மட்டும் நம்பி இவ்விலக்கை எதிர்த்தால் அரசு எளிதில் விடையளிக்கும்: எழுதுவதை நாங்கள் தடுக்கவில்லை, பணம் தரத்தான் மறுக்கிறோம். அரசின் நிதியைப் பெறும் அடிப்படை உரிமை எவருக்கும் இல்லை என்பதும், கொள்கை முடிவுகளில் நீதிமன்றங்கள் தயங்கியே தலையிடும் என்பதும் உண்மை. வலுவான தளம் கூறு 14. ஒரு திட்டத்துக்குள் இரு வகுப்பாரைப் பிரித்தால் அப்பிரிவுக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் அறிவார்ந்த தொடர்பு இருக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள ஒடுக்கப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுப் பொருளாதார, சமூக நிலையில் உயர்வதே இத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அயர்லாந்து வரலாற்றை ஆராயும் தலித் மாணவர் உயர்வார், ஆற்காட்டு வரலாற்றை ஆராயும் தலித் மாணவர் உயரமாட்டார் என்பதற்கு என்ன தொடர்பு? ராயப்பா வழக்கில் 1974இலேயே தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2017இன் சாயிரா பானு தீர்ப்பில் வெளிப்படையான தன்னிச்சை என்னும் அளவுகோல் மேலும் உறுதிப்பட்டது.

இரண்டாவது குறை, தெளிவின்மை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிற நாடுகளின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களோடு ஒப்பிடும் சட்ட ஆய்வு இந்தியா பற்றிய சமூகவியல் ஆய்வா? மலேசியத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பற்றிய ஆய்வு இந்திய வரலாறா, மலேசிய வரலாறா? மருத்துவமனைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய பொதுச் சுகாதார ஆய்வு எந்தப் பக்கம்? விதியில் விடையில்லை. இத்தகைய விதியின் முதல் விளைவு நிராகரிப்பு அன்று, முன்னெச்சரிக்கை. மாணவர் தாமாகவே ‘சாதி’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவார். வழிகாட்டி ஆசிரியரும் அதையே அறிவுறுத்துவார். எந்தக் கோப்பிலும் தடம் பதியாது.

மூன்றாவது வாதம் அதிகம் பேசப்படாதது. அரசமைப்பின் கூறு 338(9) பட்டியல் சாதியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை விவகாரங்கள் அனைத்திலும் ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ஆணையத்தின் கருத்து கேட்கப்பட்டதா, கேட்கப்பட்டிருந்தால் அது என்ன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எவரும் கேட்கலாம். விலக்கை முன்மொழிந்த கோப்புக் குறிப்புகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆய்வுத் தலைப்பில் அரசு கைவைப்பது இதுவே முதல்முறையன்று. 2019 மார்ச்சில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், முனைவர் பட்ட ஆய்வுகள் தேசிய முன்னுரிமைகளுக்கு ஏற்ப அமைய வேண்டும், பொருத்தமற்ற தலைப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. அதை எதிர்த்துப் பேராசிரியர் மீனா டி. பிள்ளை பாடத்திட்டக் குழுவிலிருந்து விலகினார். தலைப்பைத் தொடாமலும் ஆய்வை முடக்கலாம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவின் உதவித்தொகை 2015 ஜூலை முதல் நின்றது. 2016 ஜனவரி 17 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற சேலத்து முத்துக்கிருஷ்ணன், ஆராய்ச்சிச் சேர்க்கையில் சமத்துவம் பறிக்கப்படுவதைக் கண்டித்து எழுதிய சில நாட்களில், 2017 மார்ச் 13 அன்று இறந்தார். வெளிநாட்டுத் திட்டத்திலும் 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, விசாவுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்ற தொடரின் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்க இருப்போர்க்குச் சில நடைமுறைச் செய்திகள். விலக்கு வெளிநாட்டுத் திட்டத்துக்கே உரியது. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கி இப்போது பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை எனப்படும் உள்நாட்டுத் திட்டத்தில் இத்தகைய தலைப்புத் தடை இல்லை. 2023 ஜனவரி முதல் அதன் தொகை இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாயாகவும் முதுநிலைக்கு 42,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிடரும் இதற்குத் தகுதியுடையர். அதே துறையின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு அதிகபட்சமாக 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கலைப்புலமும் சமூக அறிவியலும் அதன் ஏற்கப்பட்ட துறைகளில் உள்ளன. ஒன்றிய அரசு மூடிய கதவுக்கு மாநில அரசு இப்போது ஓரளவு மாற்றாக இருக்கிறது. ஆனால் மாநிலத் திட்டம் ஒன்றியத் திட்டத்தின் பொறுப்பைத் தள்ளுபடி செய்துவிடாது. பீகார், மத்தியப் பிரதேச மாணவருக்கு அது உதவவும் செய்யாது.

ஒன்றியத் திட்டத்துக்கே விண்ணப்பிப்பவர்கள், முதலில் அவ்வாண்டின் நெறிமுறையை அமைச்சகத்தின் தளத்திலிருந்து எடுத்து நாளிட்டுப் பாதுகாத்து வைக்க வேண்டும். தலைப்பைத் திரிக்காமல் உள்ளவாறே எழுதுவது பின்னாளில் வழக்குக்கு உதவும். திரித்து எழுதிப் பெற்றால் இடையில் நிதி நிறுத்தப்படும் இடரும் உண்டு. இம்முடிவை மாணவரே எடுக்க வேண்டும். அவருடைய நான்கு ஆண்டுகளை இயக்கத்தின் பொருட்டுப் பணயம் வைக்கும்படி வழக்குரைஞர் எவரும் வற்புறுத்தலாகாது. நிராகரிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கும் கடமையை அரசுக்கு விதிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஈ)யைச் சுட்டி, காரணத்தை எழுத்தில் கோர வேண்டும். அதனுடன் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குக் கூறு 338(5)இன்கீழ் முறையீடும் அனுப்பலாம். முடிவு எடுக்கப்பட்டது டெல்லியில் என்பதற்காக டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வழக்குமூலத்தின் ஒரு பகுதி தென்காசி மாவட்டத்தில் எழுந்ததாகக் காட்ட முடிந்தால், கூறு 226(2)இன்படி மதுரைக் கிளையிலேயே நீதிப் பேராணை மனு தாக்கல் செய்யலாம். விண்ணப்பித்த ஊர், நிராகரிப்பு வந்தடைந்த முகவரி, சாதிச் சான்றிதழ் வழங்கிய வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் படிகளை அதற்காகவே தனியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.